பாதிக் கூரைக்குச் சுண்ணாம்பு

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. அந்தச் சட்டை தைக்கும் பட்டறையில் அதை யாரும் எடுத்துப் புழங்கியதில்லை. அங்கே அவள் பாதரசம். சின்னவர்களுக்குப் பாதரசம் அக்கா. பதினோரு வருஷமாகக் காஜா மெஷினில் உட்கார்ந்து பட்டன் துளை போடுகிறவள். ஒரு நாளைக்கு ஐந்நூறு சட்டை, சட்டைக்கு ஏழு துளை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நமக்குத்தான் தலை சுற்றும், அவளுக்குச் சுற்றாது.

அந்தப் பெயர் வந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்; ஏறுவதும் தெரியாது, இறங்குவதும் தெரியாது. இன்னொன்று, அவள் எங்கே போனாலும் கைப்பையில் ஒரு வெப்பமானி இருக்கும். அவள் புருஷனுக்கு ஒரு குளிர் கிடங்கில் மூட்டை அடுக்கும் வேலை. பழம், காய்கறியெல்லாம் வைக்கிற இடம். அங்கே மரச்சட்டம் உடைந்துபோனது என்று தூக்கிப்போட்ட வெப்பமானியை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரே வீடுதான், ஆனால் கோடைக்காலத்தில் அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார், இவள் முதுகு நிறைய வேர்க்குருவோடு திரும்பி வருவாள். எந்த ஊர் நியாயம் இது என்று அவள் தினமும் கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

அந்த வெப்பமானியை அவள் பட்டறைக்குக் கொண்டுபோய் நடுத்தூணில் மாட்ட ஆரம்பித்த நாளிலிருந்து பட்டறைக்கே ஒரு புதுப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அறுபத்திரண்டு பெண்கள், ஒரு கட்டிங் மாஸ்டர், அயர்ன் போடும் இரண்டு பேர். நீளமான கொட்டகை, தாழ்வான தகரக் கூரை. இதற்குமுன் "இன்னைக்கு வெயில் ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இப்போது முப்பத்தொன்பது, நாற்பது என்று பேச ஆரம்பித்தார்கள். மழையில்லாத மாதம் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் வைத்த கத்தரிக்கோலைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குத் தூணில் நாற்பத்தொன்று. ஒரு வாரமாக அதே நாற்பத்தொன்று.

தண்ணீர் குடிக்கலாமே என்பீர்கள். பின்பக்கம் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அறுபத்திரண்டு பேர். வரிசையில் நின்றால் கால் மணி நேரம், அதற்குள் பீஸ் குவிந்துவிடும், லைன் சூப்பர்வைசர் முறைப்பாள். அதனால் எல்லோரும் காலையில் ஒரு டம்ளர், சாப்பாட்டுக்கு ஒரு டம்ளர் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாதரசம்தான் சண்டை போட்டு, மணிக்கு ஒரு டம்ளர் குடித்தே தீரவேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டுவந்தாள். யார் குடிக்கவில்லையோ அவள் மெஷின் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நிற்பாள். அவள் நிற்பதைப் பார்ப்பதைவிடக் குடித்துவிடுவது சுலபம்.

அப்படி இருந்தும் ஒரு வியாழக்கிழமை காலர் தைக்கும் பெண் சாய்ந்துவிட்டாள். கொட்டகையின் மேற்குக் கோடியில் அவள் மெஷின். மதியத்துக்குமேல் வெயில் முழுக்க அந்தப் பக்கத் தகரத்தில்தான் இறங்கும். ஒரு காலரைத் திருப்பிப் போட்டவள் அப்படியே மெஷின்மேல் கவிழ்ந்தாள். ஊசி கையில் ஏறாதது அவள் செய்த புண்ணியம். எல்லோரும் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நிற்க, பாதரசம் மட்டும் ஓடினாள். வாசல் பக்கம் காற்றுள்ள இடத்துக்குத் தூக்கிவரச் செய்து, கீழே படுக்கவைத்து, கழுத்துப் பட்டனைத் தளர்த்தி, வெட்டுத்துணியை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, அட்டையால் விசிறச் சொன்னாள். கண்ணைத் திறந்து தன் பேரைச் சரியாகச் சொன்ன பிறகுதான் வாயில் தண்ணீர் கொடுத்தாள். உளறினாலோ, விழிக்காவிட்டாலோ நேரே ஆஸ்பத்திரி என்று ஆட்டோவைக்கூட வாசலில் நிறுத்தி வைத்திருந்தாள். இதெல்லாம் சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் படித்து வந்த ஞானம்.

இந்த இடத்தில்தான் முதலாளியம்மா வந்தார். முதலாளியம்மா என்றவுடன் குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறவர் என்று நினைக்க வேண்டாம். இதே கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் மெஷின் மிதித்து, பழைய முதலாளி கையை விரித்தபோது பட்டறையை எடுத்துக்கொண்டவர். இன்றைக்கும் கிழக்குக் கோடியில் மற்றவர்களோடு ஒரு மேஜை, ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான். அந்தப் பெருமை அவருக்கு நிறையவே உண்டு. யாராவது வெயில் என்று முனகினால் போதும், "நான் தாங்கலையா?" என்பார். அந்த ஒரு கேள்விக்குமுன் அறுபத்திரண்டு வாயும் அடைத்துவிடும்.

அன்றைக்குப் பாதரசம் அடைக்கவில்லை. மதியம் ஒரு மணி நேரமாவது மெஷினை நிறுத்தலாம் என்றாள். ஆர்டர் என்ன, உங்கம்மா வீட்டுச் சீதனமா, நினைத்தபோது எடுத்துத் தைக்க என்றார் முதலாளியம்மா. பேச்சு வளர்ந்தது. கட்டிங் மாஸ்டர் நடுவில் புகுந்து சமாதானம் செய்யப் பார்த்து இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். கடைசியில் முதலாளியம்மா கையை மேலே காட்டி, வெயிலை நான் என்ன குறைக்கவா முடியும் என்று கேட்டார்.

"வெயிலைக் குறைக்க வேண்டாம்மா. கூரைச் சூட்டை நான் குறைக்கிறேன். மூணு டிகிரி."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது, சொல்லிவிட்டோம் என்று. இது அவளுக்குப் பழைய வியாதி. ஆழம் தெரியாமல் காலை விடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் இந்தத் தடவை ஏதோ கொஞ்சம் ஆழம் தெரிந்துதான் விட்டிருந்தாள். புருஷன் வேலை பார்க்கும் குளிர் கிடங்கில் ஒவ்வொரு கோடைக்கு முன்னும் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வெள்ளை நிறம் வெயிலை வாங்காது, திருப்பி அனுப்பிவிடும், குளிர் மெஷினுக்குக் கரண்டு மிச்சம் என்று அவர் ஒருநாள் ஸ்வெட்டரைக் கழற்றிக்கொண்டே சொல்லியிருந்தார்.

முதலாளியம்மா விடுவாரா. சுவர் பூசியபோது மிஞ்சிய சுண்ணாம்பு மூட்டை, வெள்ளை சிமென்ட், பசை எல்லாம் பின்னால் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கோ என்றார். திங்கட்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நடுத்தூணில் மூன்று டிகிரி இறங்கியிருந்தால் சரி. இறங்காவிட்டால்?

"இறங்கலைன்னா நான் அன்னைக்கே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போறேன்," என்றாள் பாதரசம்.

நாற்பத்தாறு வயதில், கண் மங்க ஆரம்பித்த காஜாக்காரியை இன்னொரு பட்டறை வாசலில்கூட நிறுத்தாது என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது புருஷன் தட்டை நகர்த்திவைத்தார். பிறகு சுண்ணாம்பு எத்தனை மூட்டை இருக்கிறது என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கொட்டகை முன்னால் திருவிழாக் கூட்டம். வரமாட்டார்கள் என்று நினைத்தவள் அசந்துபோனாள். முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள், காலர்க்காரி உட்பட. அவளை மட்டும் ஏணி பக்கமே விடவில்லை, வாளி கலக்க உட்காரவைத்தார்கள். எட்டரைக்குள் முடிக்க வேண்டும், அதற்குமேல் தகரத்தில் கால் வைக்க முடியாது. கூரைமேல் பலகை போட்டு, இடுப்பில் கயிறு கட்டி, கண்ணில் சுண்ணாம்பு தெறிக்காமலிருக்க ஆளுக்கொரு கண்ணாடி மாட்டிக்கொண்டு, துடைப்பத்தால் பூசினார்கள். மேலே எட்டுப் பேர், கீழே வாளி ஏற்ற வரிசை. சிரிப்பும் கூச்சலும் தெருக்கோடிவரை கேட்டது. பாதரசத்துக்குத் தன்னுடைய வேலை ஊசலாடுகிறது என்பதே மறந்துவிட்டது. உச்சியில் நின்று துடைப்பத்தை ஆட்டி ஆட்டிக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழரை மணிக்குக் கீழேயிருந்து காலர்க்காரி, சுண்ணாம்பு தீரப்போகிறது என்றாள்.

எப்படித் தீரும்? பாதரசமே அளந்தாள். தரையில் நீளம், அகலம் டேப் பிடித்து, பெருக்கி, இரண்டு பூச்சுக்கு இவ்வளவு என்று துல்லியமாகக் கணக்குப் போட்டிருந்தாள். மேலே பார்த்தால் மேற்குப் பாதிகூட முழுசாக முடியவில்லை. கட்டிங் மாஸ்டர் ஏணியில் பாதி ஏறி, தகரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். ஏணி ஆடியது.

"ஏம்மா, கொசுவம் வெச்ச பாவாடைக்கு இடுப்பளவுக்கா துணி எடுப்பாங்க?"

தகரம் தட்டையாகவா இருக்கிறது? மேடும் பள்ளமுமாக, கொசுவம் கொசுவமாக நெளிந்து கிடக்கிறது. மடிப்புக்குத் துணி கூட வேண்டும் என்பது தையல் வேலைக்கு வந்த முதல் வாரத்தில் கற்றுக்கொடுக்கிற பாடம். வாழ்நாள் முழுக்கத் துணியோடு கிடந்தவள், அங்கே இருந்த முப்பது தையற்காரிகள், ஒருத்திக்காவது தோன்றவில்லை. போதாததற்குத் துருப்பிடித்த தகரம் சுண்ணாம்பைத் தாகத்தோடு உறிஞ்சியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடையும் இல்லை.

இருப்பதைத் தண்ணீராக்கி முழுக் கூரைக்கும் ஒரு பூச்சு தடவிவிடலாம் என்றார்கள் சிலர். பாதரசம் யோசித்தாள். ஒரு பூச்சு என்றால் துரு தெரியும். எந்தப் பக்கமும் உருப்படாது. மேற்குப் பாதிக்கு இரண்டாவது பூச்சையும் போட்டு முடிக்கச் சொன்னாள். விழுந்தவள் தலைக்கு மேலேயாவது ஒழுங்காக இருக்கட்டும் என்றாள். அவளுடைய காஜா மெஷின் கிழக்குப் பாதியில், முதலாளியம்மா மேஜைக்கு மூன்று வரிசை தள்ளி. இறங்கும்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. நடுத்தூண் நடுவில் இருக்கிறது. பாதிக் கூரை நடுவிலே மூன்று டிகிரியை இறக்குமா?

திங்கட்கிழமை யாருக்கு வேலை ஓடியது? தையல் கோணலாகப் போனது, பாதி பீஸ் பிரிக்க வேண்டியதாயிற்று. மேற்குக் கோடியில் இருந்தவர்கள் காலை பத்து மணிக்கே ஜாடை காட்ட ஆரம்பித்துவிட்டார்கள்: அடியே, எப்படி இருக்கு தெரியுமா இங்கே! கிழக்குப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் நூல் வாங்கும் சாக்கில் அங்கே போய்த் திரும்பியே வரவில்லை. பாதரசம் மட்டும் குனிந்த தலை நிமிராமல் துளை போட்டுக்கொண்டிருந்தாள். தூண் பக்கம் பார்க்கவே அவளுக்குப் பயம்.

இரண்டு மணி. முதலாளியம்மா எழுந்து வந்தார். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தூணைச் சுற்றி எள் போட்டால் எள் விழாத கூட்டம். கட்டிங் மாஸ்டர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, உரக்கப் படித்தார். முப்பத்தெட்டு.

கொட்டகையே அதிர்ந்தது. காலர்க்காரி ஓடிவந்து பாதரசத்தைக் கட்டிக்கொண்டாள். யாரோ ஸ்டூலைத் தட்டினார்கள், யாரோ விசில் அடித்தார்கள். பாதரசம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

முதலாளியம்மா மட்டும் ஜன்னலுக்குப் போய் வெளியே பார்த்தார். நிதானமாகத் திரும்பிவந்தார்.

"எல்லாரும் வானத்தைப் பாத்தீங்களா?"

பார்த்தார்கள். ஒரு வாரமாகத் தகதகவென்று கிடந்த வானத்தில் அன்றைக்கென்று மெல்லிய மேகம். மழை மேகம்கூட இல்லை, சல்லடைத் துணி மாதிரி ஒன்று. காக்கா உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும் என்று கதை சொல்லாதே, மூன்று டிகிரி மேகம் இறக்கியது, நீ இறக்கவில்லை என்றார் முதலாளியம்மா. கட்டிங் மாஸ்டர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கொடுமை என்னவென்றால், பாதரசத்துக்கும் நியாயமாகப் பட்டது. எதிராளி அநியாயம் பேசினால் அவளால் ஏழு நாள் சண்டை போட முடியும். நியாயம் பேசினால் கை உடைந்துபோகும். மேகம் இல்லாத நாளில் இது எவ்வளவு காட்டியிருக்கும்? யாருக்குத் தெரியும்? பதினோரு வருஷம். மெஷினைத் துடைத்து மூட வேண்டும், கைப்பையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவைக்க வேண்டும், புருஷனிடம் சொல்ல வேண்டும். அவள் தூணிலிருந்து வெப்பமானியைக் கழற்றினாள்.

கழற்றிய கையோடு அப்படியே நின்றாள்.

"அம்மா, மேகம் மேற்கால மட்டும் வந்துச்சா?"

யாருக்கும் புரியவில்லை. அவளுக்கு மூச்சு வாங்கியது, வார்த்தை ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. மேகம் முழுக் கூரைக்கும் பொதுதானே, சுண்ணாம்பு பாதிக்குத்தானே. மேகம்தான் காரணம் என்றால் இரண்டு கோடியிலும் ஒரே அளவு காட்டட்டும், இப்போதே, இந்த நிமிஷமே அவள் வெளியே நடக்கிறாள். காட்டாவிட்டால்? கட்டிங் மாஸ்டர் ஒரு நொடி விழித்தார், பிறகு தொடையில் ஓங்கித் தட்டினார். முழுக் கூரைக்கும் பூசியிருந்தால் இதை நிரூபிக்க வழியே இருந்திருக்காது என்பது அவருக்குத்தான் முதலில் உறைத்தது.

வெப்பமானியைக் கிழக்குக் கோடியில் பத்து நிமிஷம் வைத்தார்கள். கொட்டகையில் யாரும் உட்காரவில்லை. முப்பத்தொன்பதரை. அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப்போகிற மாதிரி மேற்குக் கோடிக்குக் கொண்டுபோனார்கள். கூட்டமே பின்னால் போனது. காலர் மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினார்கள். இன்னும் பத்து நிமிஷம். பாதரசம் கண்ணை மூடிக்கொண்டாள். இறங்குது, இறங்குது என்று யாரோ முணுமுணுத்தார்கள். முப்பத்தெட்டு. முப்பத்தேழரை. முப்பத்தேழு. முப்பத்தாறரையில் நின்றது.

ஒரே கொட்டகை, ஒரே மேகம், மூன்று டிகிரி.

இந்தத் தடவை எல்லோரும் முதலாளியம்மாவைத்தான் பார்த்தார்கள். அவர் இந்தப் பக்கம் ஃபேன் நன்றாக ஓடுகிறது என்று ஆரம்பித்தார், பாதியில் விட்டுவிட்டார். பிறகு ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

கட்டிங் மாஸ்டர் வேண்டாம் என்றார், நான் ஏறுகிறேன் என்றார். முதலாளியம்மா காதில் வாங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் நாலு படி ஏறி, வெள்ளை அடித்த தகரத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே நின்றார். இறங்கி, ஏணியைக் கிழக்கே தூக்கிவரச் சொல்லி, தன் மேஜைக்குமேல் மறுபடி ஏறினார். கையை வைத்தார். அடுத்த நொடி சுருக்கென்று இழுத்துக்கொண்டார். ஏணி குலுங்கியது, நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

இறங்கியவர் ஏணியின் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிவந்த உள்ளங்கையை மடியில் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதரசம் ஈரத்துணி கொண்டுவந்து அந்தக் கையில் சுற்றினாள். சண்டை எங்கே போனதென்று தெரியவில்லை, கோபம் இறங்கிப்போயிருந்தது.

"இதுக்கு அடியிலதான் இருபத்திரண்டு வருஷம் உக்காந்திருந்தேன்," என்றார் முதலாளியம்மா. அவளிடம்தான் சொன்னார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "தாங்கினேன்னு சொல்லுவேன்ல? தாங்கல. மூணு தடவை கழிப்பறையில போய் விழுந்திருக்கேன். தாழ்ப்பாளைப் போட்டுக்கிட்டு விழுந்தேன். தெரிஞ்சா வேலை போயிடுமேன்னு முகத்தைக் கழுவிக்கிட்டு வந்து உக்காந்து தைச்சேன்."

காலர்க்காரி அழுதுவிட்டாள். பாதரசம் அந்தக் கையை விடவே இல்லை.

முதலாளியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தார். சுண்ணாம்புக் கடைக்கு ஆள் அனுப்பச் சொன்னார். நாலு மணிவரைக்கும் எல்லோரும் மெஷினை அணைத்துவிட்டு வெள்ளைக் கூரைப் பக்கம் போய் உட்காருங்கள், இனிமேல் வெயில் காலம் முடிகிறவரை தினமும் மதியம் அப்படித்தான் என்றார். கட்டிங் மாஸ்டர் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தார். மெல்லப் பக்கத்தில் வந்து, ஆர்டர் என்னம்மா ஆவது என்று கேட்டார்.

"ஆர்டர் தாங்கும்," என்றார் முதலாளியம்மா.

அறுபத்திரண்டு ஸ்டூலும் மேற்கே நகர்ந்தன. அவரும் தன் நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு பின்னால் போனார்.